பள்ளி மறுசந்திப்பும் திரைப்படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியை முடித்துப் பிரிந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் மீண்டும் கூடுவதைக் களமாகக் கொண்ட படங்களைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். ஸ்வீடன் படம் ஒன்றும், மலையாளப் படம் ஒன்றும், தமிழில் ‘96’ படமும் உடன் வருகின்றன. முடிவுகளைச் சொல்லாமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது என்பதால், படம் பார்க்காதவர்கள் அதற்குத் தயாராக வரவும்.

அமெரிக்காவில் ‘ஹை ஸ்கூல் ரீயூனியன்’ என்பது உண்மையில் என்ன?

பன்னிரண்டாம் வகுப்பை ஒரே ஆண்டில் முடித்தவர்கள், வாழ்நாள் முழுவதும் அந்த ஆண்டின் பெயரால் ஒரு கூட்டமாக அறியப்படுவது அங்குள்ள வழக்கம். நம் ஊரில் ‘96 பேட்ச்’ என்று சொல்வதை அங்கே ‘கிளாஸ் ஆஃப் 1996’ என்பார்கள். அந்தக் கூட்டம் 10, 20, 25, 50 என ஆண்டுகள் நிறையும்போது ஒன்றுகூடுவதுதான் மறுசந்திப்பு. இதைப் பள்ளி நிர்வாகமே நடத்துகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், பெரும்பாலும் அப்படியில்லை. அந்த வகுப்பில் படித்த நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, முகவரிகளைத் தேடிப் பிடித்து, ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கி நடத்துகிறார்கள். வாசலில் ஒரு மேசையில் பெயர் அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் அந்த அட்டையில் பெயருடன் பள்ளி ஆண்டு மலரில் வந்த பழைய புகைப்படமும் இருக்கும். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரியாதவர்கள் சட்டைப்பையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கல்லூரியை விடப் பள்ளிச் சந்திப்புக்கே சினிமாவில் மவுசு அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க அரசுப் பள்ளியில் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே பொதுவாக இடம் கிடைக்கிறது. சிறிய ஊர் என்றால் மருத்துவரின் மகளும் மெக்கானிக்கின் மகனும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதுதான். பதினெட்டு வயதில் பிரிந்த பிறகு அந்த இருவரும் ஒரே அறையில் நிற்பதற்கு இந்த ஓர் இரவைத் தவிர வேறு காரணம் வராது. திரைக்கதை எழுதுபவர், எல்லாத் தட்டு மனிதர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர இனிமேல் மெனக்கெட வேண்டியதில்லை.

படங்களில் பத்தாவது ஆண்டுச் சந்திப்பே அதிகம் வருகிறதே, ஏன்?

பத்தாண்டு கழிந்தால் வயது இருபத்தெட்டு. வாழ்க்கை எந்தத் திசையில் போகிறது என்பது தெரிந்திருக்கும். ஆனால் திசை மாற முடியாத அளவுக்கு இறுகியிருக்காது. எனவே அந்த வயதில் ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி தேர்வு முடிவைக் கேட்பது போலக் குத்தும். 1997 ஏப்ரலில் இரண்டு வார இடைவெளியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘க்ரோஸ் பாயின்ட் பிளாங்க்’, ‘ரோமி அண்ட் மிஷெல்ஸ் ஹை ஸ்கூல் ரீயூனியன்’ ஆகிய இரண்டுமே பத்தாவது ஆண்டுச் சந்திப்பைப் பற்றியவை. முன்னது 1986ஆம் ஆண்டு வகுப்பு, பின்னது 1987ஆம் ஆண்டு வகுப்பு.

இருபத்தைந்தாவது ஆண்டுச் சந்திப்பை எடுத்துக்கொண்டால் கதையின் குணமே மாறிவிடுகிறது. நாற்பத்து மூன்று வயதில் ஒருவர் தன்னை நிரூபிக்க வருவதில்லை. எந்த இடத்தில் தவறினோம் என்று எண்ணிப் பார்க்க வருகிறார். 2012இல் வந்த ‘அமெரிக்கன் ரீயூனியன்’ படம் மட்டும் பதின்மூன்றாவது ஆண்டுச் சந்திப்பைக் காட்டுகிறது. அந்த வரிசையின் முந்தைய படங்களில் 1999இல் பள்ளி முடித்த அதே பாத்திரங்களை வைத்து 2012இல் படமெடுக்க வேண்டியிருந்ததால் வந்த கணக்கு அது; பத்தாவது ஆண்டில் நடத்தத் தவறிவிட்டார்கள் என்று ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. நிஜ வாழ்க்கையில் கூட்டம் நடத்தத் திண்டாடிய எவருக்கும் அந்தச் சமாதானம் மற்றக் காட்சிகளை விட நம்பும்படியாக இருக்கும்.

இந்தப் படங்களில் யாராவது ஒருவர் பொய் சொல்லாமல் இருப்பதில்லை. இது வெறும் நகைச்சுவைக்காகவா?

இந்தக் கேள்வியில்தான் இந்த வகைப் படங்களின் முடிச்சு இருக்கிறது என்பது என் எண்ணம். காதல், பழிவாங்கல், ஏக்கம் எல்லாம் மேலே பூசப்பட்ட வண்ணங்கள். அடியில் இருப்பது, ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்ற கேள்விக்கு ஒருவர் தரும் விடையும் அந்த விடையில் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்பதும்தான். ஒரு மறுசந்திப்புப் படம் தேறுமா தேறாதா என்பதை அது அந்தப் பொய்யை என்ன செய்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

டேவிட் மிர்கின் இயக்கிய ‘ரோமி அண்ட் மிஷெல்’ படத்தைப் பாருங்கள். மீரா சொர்வினோவும் லிசா குட்ரோவும் நடித்த இரண்டு தோழிகள் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். ஒருத்தி கார் விற்பனை நிலையத்தில் காசாளர்; இன்னொருத்திக்கு வேலையில்லை. தங்கள் வாழ்க்கையில் அதுவரை அவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் தங்கள் வகுப்பு கூடப்போகிறது என்ற செய்தி வந்து, அதற்கான விவரப் படிவத்தை நிரப்ப உட்காரும்போதுதான், எழுதுவதற்கு எதுவுமில்லையே என்று உறைக்கிறது. பிறகு கறுப்பு உடையும் அலுவலகத் தோரணையுமாகப் போய், ‘போஸ்ட்-இட்’ என்னும் ஒட்டுத்தாளைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்று சொல்கிறார்கள்.

அந்தப் பொய்யின் அழகே அது நிற்காது என்பதில் இருக்கிறது. அந்தத் தாளின் பசையை 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் உருவாக்கினார். அதைத் தாளில் தடவிப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1974இல் ஆர்ட் ஃப்ரைக்கு வந்தது. 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. 1987இல் பள்ளி முடித்தவர்களுக்கு 1980இல் ஏறத்தாழப் பதினொரு வயது! படத்திலும் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி ஆர்ட் ஃப்ரையின் பெயரைச் சொன்னதும் எல்லாம் உடைகிறது. இதன்பின் படம் அவர்களைத் திருத்துவதில்லை. அந்த வேடத்தைக் கழற்றிவிட்டுத் தாங்களே தைத்த பளபளக்கும் உடைகளோடு திரும்பி வருகிறார்கள். பள்ளிக் காலத்தில் அவர்களைக் கேலி செய்த கூட்டத்திலிருந்து விலகி இப்போது ஃபேஷன் பத்திரிகையில் பணிபுரியும் ஒருத்தி, உடைகள் நன்றாக இருக்கின்றன என்று ஒரே வரியில் சொல்வது போதுமானதாகிறது. அத்துடன் நிறுத்தாமல், அன்று யாரும் சீந்தாத மாணவன் பெரும் பணக்காரனாகி ஹெலிகாப்டரில் வந்திறங்குவது எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது. வெற்றியின் அளவுகோலை அதுவரை கிண்டல் செய்த படம் கடைசியில் அதே அளவுகோலை எடுத்து அளக்கிறது.

ஜோனதன் டெமி இயக்கிய ‘சம்திங் வைல்ட்’ (1986) இதைவிடக் கூர்மையானது. நியூயார்க்கில் தற்செயலாகச் சந்தித்த ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லிப் பத்தாவது ஆண்டுச் சந்திப்புக்கு அழைத்துப் போகிறாள் ஒரு பெண். அது ஊரறியச் சொன்ன பொய். ஆனால் அவனும் ஒரு பொய்யோடுதான் வந்திருக்கிறான்: மனைவி தன்னை விட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகியும், குடும்பம் வீட்டில் காத்திருப்பது போலவே பேசிக்கொண்டிருக்கிறான். அவனுடைய அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் அதே கூடத்தில் எதிர்ப்படுகிறார். அவளுடைய உண்மைக் கணவன் சிறையிலிருந்து வெளியே வந்து அங்கேயே நிற்கிறான். சிரிப்புப் படம் அந்த நிமிடத்தில் அச்சமூட்டும் படமாகத் திரும்புவதற்கு ஒரு நடனக்கூடம் போதுமாக இருந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லும் பாத்திரம் எதிலும் இல்லையா?

இருக்கிறது, அவனை யாரும் நம்புவதில்லை. ஜார்ஜ் ஆர்மிட்டேஜ் இயக்கிய ‘க்ரோஸ் பாயின்ட் பிளாங்க்’ படத்தில் ஜான் கியூசாக் கூலிக்குக் கொலை செய்பவனாக வருகிறார். டெட்ராய்ட் நகரை ஒட்டிய வசதியான புறநகரில், பள்ளி இறுதி நடனவிருந்தன்று காதலியைக் காத்திருக்க வைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியவன், பத்தாண்டு கழித்துத் திரும்புகிறான். என்ன தொழில் என்று கேட்பவர்களிடமெல்லாம் ஒளிவு மறைவின்றித் தான் தொழில்முறைக் கொலையாளி என்கிறான். எல்லோரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போகிறார்கள். நல்ல வளர்ச்சியுள்ள துறை என்று ஒருவர் பாராட்டவும் செய்கிறார்.

மற்றப் படங்கள் பொய்யை வைத்துக் காட்டியதை இந்தப் படம் உண்மையை வைத்துக் காட்டிவிடுகிறது. மறுசந்திப்பில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. கேட்டவர் தன் விடையைச் சொல்லத் தன் முறைக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான். அவன் வளர்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கடை இருக்கிறது. பள்ளி நடைவழியில், பூட்டுப் பெட்டிகளின் வரிசைக்கு நடுவே, தன்னைக் கொல்ல வந்தவனைப் பேனாவால் குத்திக் கொல்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலாக எனக்கு நினைவில் நிற்பது ஒரு சிறு காட்சி: பழைய வகுப்புத் தோழி ஒருத்தி தன் கைக்குழந்தையை அவன் கையில் கொடுக்கிறாள், குழந்தை அவனைப் பார்க்கிறது, அவன் குழந்தையைப் பார்க்கிறான். படம் முழுவதிலும் அவனிடம் எதையும் கேட்காமல் அவனைப் பார்க்கும் ஒரே முகம் அதுதான்.

‘பெகி சூ காட் மேரீட்’ காலப்பயணப் படமல்லவா? அதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கி 1986இல் வந்த அந்தப் படம் தொடங்குவது இருபத்தைந்தாவது ஆண்டுச் சந்திப்பில்தான். கேத்லீன் டர்னர் நடித்த பெகி சூ, உடன்படித்தவனையே மணந்து, அவனுடைய துரோகத்தால் பிரிந்து வாழ்பவள். சந்திப்பின் அரசியாக அவளைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டும் நேரத்தில் மயங்கி விழுந்து, 1960இல் பள்ளி மாணவியாகக் கண்விழிக்கிறாள். இந்த வேடத்துக்காக டர்னருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

காலப்பயணம் இங்கே அறிவியலுக்காக வரவில்லை. மறுசந்திப்புக்குப் போகும் எல்லோரும் மனத்துக்குள் செய்துகொள்ளும் கணக்கை (அன்று வேறு ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தால்?) அது வெளியில் எடுத்துப் போட்டுக் காட்டுகிறது. கணிதத் தேர்வில், இந்த இயற்கணிதம் பிற்காலத்தில் எனக்குத் துளியும் பயன்படப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும் என்று ஆசிரியரிடம் சொல்கிறாள். திரையரங்கில் கைதட்டல் விழும் இடம் அது. ஆனால் படத்தின் உயிர், தொலைபேசி மணி அடித்து, எடுத்தவுடன் இறந்துபோன பாட்டியின் குரல் கேட்கும் காட்சியில் இருக்கிறது. அவளால் பேச முடிவதில்லை. பழைய காதலனை மறுபடி பார்ப்பதற்காக யாரும் காலத்தில் பின்னோக்கிப் போக விரும்புவார்களா என்பது எனக்குச் சந்தேகமே. அந்தக் குரலுக்காகப் போவார்கள்.

இங்கும் பொய் உண்டு. 1960ஆம் ஆண்டுக்காரர்கள் எல்லோரிடமும் அவள் பதினேழு வயதுக்காரியாக நடித்துத்தான் ஆக வேண்டும்.

சந்திப்பு பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத்தில் நடப்பது போலக் காட்டுகிறார்களே?

சில ஊர்களில் அப்படி நடப்பதுண்டு. பெரும்பாலும் விடுதிக் கூடமோ உணவகமோதான். சினிமாவுக்கு அந்தக் கூடமே தேவை. பழைய நடனவிருந்து நடந்த அதே இடத்தில் அதே காகிதத் தோரணங்களைக் கட்டினால், வசனமில்லாமலேயே ஆண்டுகள் கழிந்துவிடும்.

அழைக்கப்படாதவர்களைப் பற்றி யாராவது படமெடுத்திருக்கிறார்களா?

ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் அன்னா ஓடெல் எடுத்திருக்கிறார். 2013இல் வெளிவந்து ஆங்கிலத்தில் ‘தி ரீயூனியன்’ என்ற பெயரில் அறியப்படும் அந்தப் படத்துக்கு, ஸ்வீடனின் உயரிய திரைவிருதான குல்ட்பாகே, சிறந்த படம், சிறந்த திரைக்கதை ஆகிய இரண்டு பிரிவுகளில் கிடைத்தது. இந்தப் பக்கத்தில் பேசப்படும் படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன், மனம் கனக்கும் என்ற எச்சரிக்கையுடன்.

பள்ளி நாட்களில் உடன்படித்தவர்களால் ஒதுக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட ஓடெலுக்கு, அந்த வகுப்பின் இருபதாண்டுச் சந்திப்புக்கு அழைப்பு வரவில்லை. அவர் செய்தது இதுதான். படத்தின் முதல் பாதியில், தான் அங்கே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நடிகர்களை வைத்துக் கற்பனையாகக் காட்டுகிறார். தன் வேடத்தில் தானே நடிக்கிறார். விருந்து மேசையில் எழுந்து, நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்று நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறார். சிரித்து மழுப்புகிறார்கள், பேச்சை மாற்றுகிறார்கள், பிறகு கோபப்படுகிறார்கள், கடைசியில் இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். இரண்டாம் பாதியில், அந்தக் காட்சியை உண்மையான வகுப்புத் தோழர்களிடம் போட்டுக் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்க முயல்கிறார். அந்தச் சந்திப்புகளும் நடிகர்களைக் கொண்டே மறுபடி எடுக்கப்பட்டவை. சிலர் வர மறுக்கிறார்கள். சிலர் வந்து, அப்படியெல்லாம் நடந்ததாக நினைவில்லை என்கிறார்கள்.

அமெரிக்கப் படங்களில் பொய் சொல்பவர் தோற்றவர். வென்றவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். ஓடெலின் படத்தில் அது தலைகீழாகிறது. ‘நாம் எல்லோரும் நண்பர்களாக இருந்தோம்’ என்ற பொய்யை அந்தக் கூடமே சேர்ந்து சொல்கிறது, உண்மையோடு வந்த ஒருத்தி விருந்தைக் கெடுத்தவளாகிறாள். அடித்தவர்களுக்கு மறந்துவிடுவதும் அடிபட்டவருக்கு நாள், கிழமை, உடுத்தியிருந்த உடை வரை நினைவிருப்பதும் நம் வகுப்பறைகளிலும் உண்டு.

‘96’ படத்தை மறுசந்திப்புப் படம் என்று சொல்லலாமா? சந்திப்பே கொஞ்ச நேரம்தானே வருகிறது?

சொல்லலாம், ஆனால் அமெரிக்கப் படங்களின் வழியில் அது போகவில்லை. சி. பிரேம்குமார் எழுதி இயக்கி 2018 அக்டோபரில் வந்த இந்தப் படத்தில், பயணப் புகைப்படக்காரனான ராம் (விஜய் சேதுபதி) தற்செயலாகத் தஞ்சாவூர் வழியே போகையில் படித்த பள்ளிக்குள் நுழைகிறான். அதன்பின் வாட்ஸப் குழுவில் பழையவர்கள் ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் கூடுகிறார்கள். சிங்கப்பூரில் கணவன், மகளோடு வாழும் ஜானு (த்ரிஷா) அதற்காக வருகிறாள். இருபத்திரண்டு என்பது எந்தக் கொண்டாட்டக் கணக்கிலும் சேராத எண் என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் சந்திப்புகள் அப்படித்தான் நடக்கின்றன: வெள்ளிவிழாக் கணக்குப் பார்த்து நடப்பவை ஒருபுறம் இருக்க, யாரோ ஒருவர் குழு தொடங்கிய ஆண்டில் நடப்பவையே ஏராளம்.

கூட்டத்தில் யாரும் ராமை ‘எவ்வளவு சம்பாதிக்கிறாய்’ என்று அளக்கவில்லை. ‘கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை’ என்பதே அங்கே கேள்வி. அமெரிக்கப் படங்கள் தொழிலை வைத்து மனிதரை நிறுக்கும் இடத்தில் தமிழ்ப் படம் குடும்பத்தை வைத்து நிறுக்கிறது. இரண்டு தராசும் கொடியவைதான். கூட்டம் கலைந்தபின், விமானம் ஏறும்வரை இருவரும் சென்னையில் கழிக்கும் இரவுதான் படம்.

அந்த இரவில்தான் இந்த வகைப் படங்களிலேயே மிக நுட்பமான பொய் சொல்லப்படுகிறது. ராமிடம் புகைப்படக்கலை படிக்கும் மாணவிகள் ஜானுவை அவனுடைய மனைவி என்று நினைத்து, நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் மறுக்கவில்லை. கல்லூரிக்குத் தன்னைத் தேடிவந்தவன் ராம் என்று தெரியாமல் அன்று பார்க்க மறுத்து அனுப்பியவள், இப்போது சொல்லும் கதையில் அவனைப் பார்த்துவிடுகிறாள். ரோமியும் மிஷெலும் பிறர் கண்ணில் உயர்வதற்காகப் பொய் சொன்னார்கள். ஜானு சொல்லும் பொய்யால் யாரிடமும் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வாழாத ஒரு வாழ்க்கையை ஐந்து நிமிடம் வாயால் வாழ்ந்து பார்க்கிறாள். பக்கத்தில் இருந்து கேட்கும் ராமின் முகத்தில் ஓடுவதை எழுத்தில் கொண்டுவர முடியாது. பள்ளி நாட்களில் அவன் எத்தனை முறை கேட்டும் பாட மறுத்த ‘யமுனை ஆற்றிலே’ பாடலை மின்சாரம் போன இருட்டில் அவள் பாடும் காட்சியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தப் பொய்க் காட்சிதான் அதற்கு ஒரு படி மேலே.

கன்னடத்தில் ‘99’ என்றும் தெலுங்கில் பிரேம்குமாரே இயக்கிய ‘ஜானு’ என்றும் இது மறுபடி எடுக்கப்பட்டது.

சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ இதில் சேருமா?

நெருங்கிய உறவு, ஆனால் வேறு வகை. 2004இல் வந்த அந்தப் படத்தில் நாயகன் தன் திருமண அழைப்பிதழுடன் பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். யாரும் ஓரிடத்தில் கூடி ஒருவரை ஒருவர் அளப்பதில்லை என்பதால், மறுசந்திப்புப் படத்தின் பதற்றம் அதில் கிடையாது.

மலையாள ‘கிளாஸ்மேட்ஸ்’?

அது கல்லூரிச் சந்திப்பு. லால் ஜோஸ் இயக்கிய அந்தப் படம் (2006), 1990களின் தொடக்கத்தில் ஒரு கேரளக் கல்லூரியில் படித்தவர்களை, இறந்துபோன நண்பன் ஒருவனின் நினைவைச் சுற்றிக் கூட்டி, அந்த இரவிலேயே ஒருவனைக் கொல்ல முயற்சி நடக்கச் செய்து, துப்பறியும் கதையாக விரிக்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு கேரளத்தில் பழைய மாணவர் சந்திப்புகள் பெருகின என்று அங்கே பரவலாகச் சொல்வார்கள். சினிமா ஒரு வழக்கத்தைக் காட்டுவது போய், வழக்கமே சினிமாவைப் பார்த்து வளர்வதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் உண்மையில் நடக்கும் சந்திப்புகளுக்கும் படத்தில் காட்டுவதற்கும் என்ன வேறுபாடு?

பெரிய வேறுபாடு ஆசிரியர்கள். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் முன்னாள் மாணவர் சந்திப்புச் செய்தி வந்தால் அதன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்தான். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, காலில் விழுந்து வணங்கி, பழைய வகுப்பறையில் ஒரு பாடமும் நடத்தச் சொல்லிக் கேட்டு, மதியச் சாப்பாடு முடித்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு மேசை, குடிநீர்க் கருவி என ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிரிவார்கள். தமிழ்நாடு அரசே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழி செய்திருக்கிறது. அமெரிக்கப் படங்களில் ஆசிரியர் ஓரிரு காட்சிகளில் தலைகாட்டுவதோடு சரி; அங்கே அந்த இரவு சகவயதினருக்கு மட்டுமே உரியது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு வேறு உருவம் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் (செயின்ட் ஜான்ஸ்) கல்லூரிக்கும் (பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இரண்டும் பள்ளிகளே) இடையே 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் பெரும் சமர்’ கிரிக்கெட் ஆட்டத்துக்கு, புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் கடல் கடந்து வருவார்கள். அங்கே கூடுவது ஒரு பேட்ச் அன்று. தாத்தாவும் பேரனும் ஒரே பந்தலில் இருப்பார்கள். போருக்குமுன் உடன்படித்தவர்கள் இன்று எத்தனை நாடுகளில் சிதறியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தக் களத்தில் இன்னும் ஒரு நல்ல தமிழ்ப்படம் வராதது வியப்பாக இருக்கிறது.

முகநூலும் வாட்ஸப்பும் வந்தபின் இந்தக் கதைகளுக்கு வேலை இருக்கிறதா?

ரோமி, மிஷெல் கதையை இன்று அப்படியே எடுக்க முடியாது. ஒட்டுத்தாள் பொய், வாசல் மேசையைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவரின் கைப்பேசியில் உடைந்துவிடும். தேடிப்பிடிக்கும் வேலையை இணையம் எளிதாக்கியது அண்மையில் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் ‘கிளாஸ்மேட்ஸ் டாட் காம்’ 1995இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 2000இல் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ரீயூனைட்டட்’ தளத்தை 2005இல் ஐடிவி நிறுவனம் 12 கோடி பவுண்டுக்கு வாங்கியது; 2016இல் அது மூடப்பட்டது. ஆனால் பொய் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஓர் இரவு சொல்லவேண்டியிருந்த பொய்யை இப்போது நாள்தோறும் படம்பிடித்துப் போட வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது எல்லோருக்கும் எல்லோரையும் பற்றித் தெரிந்திருக்கிறது. தெரியாதது போலக் கேட்பதுதான் புதிய நடிப்பு.

படங்கள் இன்னும் தொடாத பகுதி ஏதாவது உண்டா?

நடத்துபவர்களின் கதை. ஒரு சந்திப்புக்கு முன்னால் ஆறு மாதம் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெயர்ப் பட்டியல் ஒன்று கிடக்கும். ஆண்களைக் கண்டுபிடிப்பது எளிது. திருமணமானபின் பெயரும் ஊரும் மாறிய பெண்களைத் தேடுவதில்தான் பாதிக் காலம் போகும். அமெரிக்காவில் குடும்பப் பெயர் மாறியிருக்கும், நம்மிடம் தந்தையின் முதலெழுத்துப் போய்க் கணவனின் எழுத்து வந்திருக்கும். நான் ஒருமுறை எங்கள் பட்டியலோடு உட்கார்ந்தபோது, ஒருத்தியின் பழைய வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். அவளுடைய அண்ணன் எடுத்தார். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் போய் ஏழு வருடம் ஆகிறது, இப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து முதல்முறையாக யாரோ கேட்கிறீர்கள் என்றார். பட்டியலில் அவள் பெயரை அடிக்க மனம் வரவில்லை. விழாவன்று வாசல் மேசையில் அவளுக்கும் ஒரு பெயர் அட்டை எழுதி வைத்தோம், பழைய முதலெழுத்தோடு. மாலையில் மேசையை எடுக்கும்போது அது அங்கே இல்லை. யார் எடுத்துப் போனார்கள் என்று எங்கள் குழுவில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.